எங்கம்மா வழி

ஒரு தோப்பை வல்லூறு ஆண்டுகொண்டிருந்தது. விடிந்ததும் எல்லாப் பறவைகளும் ராஜா சொல்லிக்கொடுத்த பாட்டை மட்டும்தான் பாட வேண்டும்.

அங்கே வேப்பமரத்தில் ஒரு காக்கைக் குடும்பம். அதன் கடைக்குட்டி வாயைத் திறந்தால் தோப்பே கிறங்கும்.

"நம்ம வம்சத்துல யாருக்குடி இப்படி ஒரு குரல்?" என்று அப்பா காக்கை பூரித்துப்போகும்.

"எங்கம்மா வழி" என்று அம்மா காக்கை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடைகாக்கும்போதே அந்த ஒரு முட்டை சின்னதாக இருந்தது அதற்குத் தெரியும்.

ஒருநாள் பிள்ளை சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடியது. அன்று மாலையே காவல் பருந்துகள் தூக்கிக்கொண்டு போயின. மறுநாள் திரும்பி வந்தது ஒரு கறுப்பு இறகு மட்டும்தான்.

இறகைக் கொண்டுவந்த பருந்து சொன்னது: "அது குயில்குஞ்சு. ஊருக்கே தெரியும். எங்க பிள்ளை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, கூட்டைக் கலைக்காம விட்டுடறோம்."

அப்பா காக்கை இறகை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டது.

"எங்க பிள்ளைதாங்க. குரல் மட்டும் இவ அம்மா வழி."

பருந்துகள் கூட்டைப் பிய்த்து எறிந்தன.

அடுத்த பருவத்தில் இரண்டும் வேறு மரத்தில் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டின. ஒரு காலை இரை தேடிவிட்டுத் திரும்பினால், முட்டைகளோடு சின்னதாக இன்னொன்று கிடந்தது. அப்பா காக்கை அம்மாவைப் பார்த்தது. அம்மா காக்கை அதை நடுவில் கதகதப்பான இடத்துக்குத் தள்ளிவிட்டு, மேலே உட்கார்ந்துகொண்டது.