அந்தப் பொண்ணே செய்யட்டும்

“நேத்து சொன்னதுதான் இன்னைக்கும். இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, நீ வீட்டுலயே இருந்துக்க!”

முகம்மது சுல்தான் போட்ட சத்தம் ஜெலுத்தோங் சாலை வரைக்கும் கேட்டிருக்கும். அவருடைய டயர் பட்டறையில் சக்கர அலைன்மென்ட் பார்க்கும் அதிரா கையைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாக வேலை செய்கிறாள் என்று எவரோ முறையிட்டதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

காத்திருந்த சந்திரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டுப் பள்ளத்தில் காரை இறக்கிச் சக்கரம் கோணிப்போனதைக் காட்ட வந்திருந்தாள். காத்திருப்பதே அவளுக்கு ஆகாது. அதிலும் ஒரு பெண்பிள்ளை திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது சுத்தமாக ஆகாது.

ஒருவழியாக அவள் முறை வந்தது. சாவியை நீட்டப் போன நேரம், ஒரு பிக்அப் உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது. இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கட்டிய வண்டி. அடியில், ரோடு போடும் இயந்திரத்திலிருந்து கழற்றி வந்ததுபோல டயர்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் மேலேயிருந்து குதித்தான்.

“வாங்க தனேஷ். நேத்துதானே அலைன்மென்ட் பாத்தோம்? என்ன கம்ப்ளெயின்ட்?” கேட்டுக்கொண்டே சுல்தான் அதிராவை முறைத்தார்.

“கம்ப்ளெயின்ட் எல்லாம் இல்ல பாஸ். ஸ்டியரிங் ஒரு முடி அளவு கோணலா நிக்கிற மாதிரி எனக்கு ஒரு ஃபீலிங். மொதல்லருந்து பாக்கணும். அந்தப் பொண்ணே செய்யட்டும்.”

“விடுங்க, நான் பாக்குறேன்.”

“வேணாம் பாஸ். அவங்கதான் செய்யணும். இப்பவே செய்யணும்.”

சந்திரிகா எழுந்துவிட்டாள்.

“தம்பி, வரிசைன்னு ஒண்ணு இருக்கு. அவ்வளவு உயரத்துலருந்து பாத்தா கீழ உள்ள மனுசங்க கண்ணுக்குத் தெரியறதில்லையா?”

“சாரி ஆண்ட்டி. கொஞ்சம் அவசரம் லா.”

“முடி அளவு கோணலுக்கு அவசரமா? அதுக்கு சலூனுக்கில்ல போகணும்!”

சுல்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “விடுங்கம்மா. வண்டியத் தூக்கிப் பெரிய டயர் மாட்டினா சக்கரத்தோட சாய்மானமெல்லாம் மாறிப்போவும். இந்த மாதிரி ஆளுங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க.”

தனேஷ் சிரிக்கவில்லை. அடியில் நின்று வேலை பார்ப்பதற்கான குழியின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினான். அதிரா குழிக்குள் இறங்கியதும் தானும் பின்னாலேயே இறங்கினான்.

“இங்க பாருங்க. இந்த இடம். நல்லாப் பாருங்க.”

அதற்குப் பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. சந்திரிகா எட்டிப் பார்த்தாள். அதிராவின் முகத்தில் ரத்தமே இல்லை. விரலை நீட்டி நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான் அவன். தொழில் தெரிந்த பெண்ணுக்குப் பாடம் நடத்துகிறாராம் துரை!

இதை இப்படியே விடக்கூடாது.

“ஏண்ணே, நீங்களே கீழ இறங்கி ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன். அவ வேலையில ஒரு குறையும் இல்லன்னு உங்க வாயால சொன்னா, இந்த ஆளு வாயை மூடிக்கிட்டுப் போவான்ல?”

சுல்தானுக்கு அது நியாயமாகப் பட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார்.

தனேஷ் பாய்ந்து மேலே ஏறி, குழிப் படியை மறித்துக்கொண்டு நின்றான்.

“நீங்க வேணாம் பாஸ்! ஆள் கூடினா எனக்குப் பிடிக்காது. நான் ஒரு மாதிரியான ஆளு, தெரியும்ல?”

“தெரியுது, நல்லாவே தெரியுது,” என்றாள் சந்திரிகா. “வண்டியத் தூக்கினப்ப புத்தியையும் கொஞ்சம் தூக்கி வெச்சிருக்கலாம். ஒரு பொம்பளப்புள்ள ஸ்பேனரைப் பிடிச்சா உங்களுக்கெல்லாம் கண்ணு கோணிக்கும், பழி மட்டும் ஸ்டியரிங் மேல. உங்கம்மா இதைப் பாத்தா வெக்கப்படுவாங்க!”

தனேஷின் காது சிவந்தது. பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது தெரிந்தது. ஒருதரம் குழிக்குள் பார்த்தான். விழுங்கிக்கொண்டான்.

“ஆமா ஆண்ட்டி,” என்றான். “வெக்கப்படுவாங்க.”

படியை விட்டு மட்டும் நகரவில்லை. ‘பெரிய டயர் வாங்கிய ஆளைப் பகைத்துக்கொள்வானேன்’ என்று சுல்தான் டார்ச்சை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டது. மேலே வந்த அதிரா சக்கரங்களில் கருவியை மாட்டி, மறுபடி முதலிலிருந்து எல்லாம் பார்த்தாள். முடிந்ததும் தனேஷ் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

“என் கண்ணுதான் கோணல் போல, பாஸ்!” என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். “பொண்ணு வேலை சுத்தம்!”

உறுமிக்கொண்டே போய்விட்டான்.

சந்திரிகாவின் கார் குழிமேல் ஏறியது. சுல்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அதிரா ஸ்பேனரை எடுக்கும்போதே நழுவவிட்டாள்.

“அந்தத் தறுதலைக்குப் போய் நீ ஏம்மா நடுங்குற? நறுக்குன்னு கேட்டுட்டேன்ல?”

அதிரா உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“நேத்து அவரு வண்டிய நான் பாத்துக்கிட்டு இருக்கறப்பதான் ஆண்ட்டி, பாஸ் வந்து அவரு முன்னாடியே திட்டினாரு. வேலையை விட்டே அனுப்பிடுவேன்னாரு. அந்தப் படபடப்புல, சக்கரத்தைத் திருப்புற கம்பியோட நட்டை இறுக்காமலே அனுப்பிட்டேன். இன்னைக்குக் காலையில பாலத்துல வண்டி ஆடி, கவுந்துடப் பாத்துச்சாம். ஓரங்கட்டி, கீழ படுத்துப் பாத்து, கையில கிடைச்சதை வெச்சு முடுக்கிட்டு மெதுவா இங்க வந்து சேந்தாரு. குழிக்குள்ள இதையெல்லாம் காட்டிட்டு, கடைசியா ஒண்ணு சொன்னாரு.”

“என்னன்னு?”

“‘பயப்படாம நல்லா இறுக்குங்க தங்கச்சி. பாஸ் கீழ இறங்காம நான் பாத்துக்கறேன்’னு.”