சோளத்தைச் சோதித்த வண்டு

காட்டுப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு தின்ற குட்டிகளுக்கெல்லாம் வயிற்றுவலி வந்தது. பூச்சிமருந்து அடிக்காத சோளம்தான் இனி வாங்க வேண்டும் என்று யானை ராஜா சட்டம் போட்டார். சோளத்தைச் சோதித்துச் சொல்ல ஒரு வண்டை வேலைக்கு வைத்தார். பரம்பரையில் யாரும் பார்க்காத அரசாங்க உத்தியோகம்! வண்டுக்குத் தலைகால் புரியவில்லை.

காட்டுப்பன்றி பளபளவென்று ஒரு மூட்டைச் சோளம் கொண்டுவந்தது. மூட்டையின் வாயருகே போனதுமே வண்டுக்குக் கால்கள் மரத்து, மல்லாந்து விழுந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து, "ராஜா, இதில் ஒரு மணி தின்றாலும் என் உயிர் போய்விடும்" என்றது.

அடுத்து ஆமையின் மூட்டை. உள்ளே போன வண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. ஒருவழியாக மீசையெல்லாம் மாவோடு தலையை நீட்டி, "அருமையான சோளம், ராஜா! குட்டிகளுக்குத் தாராளமாகப் போடலாம்" என்றது.

ராஜா மூட்டைக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "சீச்சீ, இதில் வண்டு இருக்கிறதே!"

"நான்தான் ராஜா! நீங்கள்தானே உள்ளே போகச் சொன்னீர்கள்?"

"யார் சொன்னால் என்ன? வண்டு விழுந்த சோளத்தையா குட்டிகளுக்குப் போடுவது? பன்றியின் மூட்டையில் ஒரு வண்டாவது இருந்ததா, பார்!"

பன்றியின் மூட்டை சமையற்கட்டுக்குப் போனது. ஆமை தன் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வண்டு அதைவிட்டு இறங்கவில்லை.

"உன் உத்தியோகம் என்னாவது, தம்பி?" என்று கேட்டது ஆமை.

"அது கிடக்கட்டும் அண்ணே. பள்ளிக்கூடம் வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். குட்டிகளுக்கு ஆளுக்கொரு பிடி கொடுத்துவிட்டுப் போவோம்" என்றது வண்டு.