மிச்சம் பதினாறு லிட்டர்

ஓய்வுபெற்ற தணிக்கையாளர், மாப்பிள்ளையின் காரில் உட்கார்ந்து பெட்ரோல் ரசீதுகளை மூன்றாம் முறையாகக் கூட்டினார். கணக்கு உதைத்தது.

மகளைக் கூப்பிட்டார். "போன மாசம் வண்டி ஓடினது நானூறு கிலோமீட்டர். லிட்டருக்கு இருபத்தஞ்சு கொடுக்கிற ஹைபிரிட்டுக்குப் பதினாறு லிட்டர் போதும். உன் வீட்டுக்காரர் போட்டது முப்பத்திரண்டு. மிச்சம் எவளோட ஸ்கூட்டருக்குப் போகுது?"

"டிராஃபிக்ப்பா," என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

தெரிந்தே மறைக்கிறாள், பாவம். அவர் ரசீதுகளை மடித்து வைத்தார்.

"டர்போ பெட்ரோலைக் குடிக்கும், ஹைபிரிட்தான் குடும்பத்துக்கு லாயக்குன்னு நான்தான் வாங்க வச்சேன். போன வாரம் நீ சம்பந்தியோட டர்போவையே முந்தினப்ப, 'பாத்தீங்களா எங்க ஹைபிரிட்டை'ன்னு அவர்கிட்ட மார்தட்டினேன். அந்த வண்டியை வச்சுக்கிட்டா உன் புருஷனுக்கு இந்த வேலை? நம்ம மானம் என்ன ஆகிறது?"

சத்தம் கேட்டு வந்த மாப்பிள்ளையின் முகம் வெளிறியிருந்தது.

"யாருக்குப் போடறீங்க மாப்பிள்ளை? நேராச் சொல்லிடுங்க."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் காரின் பின்பக்கம் போய், 'ஹைபிரிட்' என்ற எழுத்துகளை நகத்தால் நெம்பினாள். ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் 'டர்போ' மின்னியது.

"அவரை விடுங்கப்பா. அவர் ஹைபிரிட்தான் கேட்டார். ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு இதுதான் வேணும்னு அடம் பிடிச்சது நான். ஒட்டினதும் நான்தான்."

பெரியவர் 'டர்போ' எழுத்துகளை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு தெருவை இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதை மறுபடி நேரா ஒட்டும்மா. சம்பந்தி வர்ற நேரம்."