கோள் சொல்லும் ஆப்

"அந்த ஆப் மட்டும் வேணாம்மா. அது கோள் சொல்லும்," என்றார் செல்போன் கடைக்காரர்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். கடைக்காரர் அவருக்கு வைத்திருந்த பெயர் சார்ஜர் அம்மா. கெட்டே போகாத சார்ஜரை வாரம் ஒருமுறை ரிப்பேர் என்று கொண்டுவந்து, அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவதாம்? இன்றைக்கு சார்ஜர் இல்லை. பைபிள் படிக்க நல்ல ஆப் ஒன்று வேண்டுமாம்.

மூன்றை இறக்கிக் காட்டியாகிவிட்டது. ஒன்றில் எழுத்து நல்ல பெரிசு. இன்னொன்று தானே வாசித்துக் காட்டும். மூன்றாவதில் வசனத்தைத் தொட்டால் போதும், விளக்கம் கொட்டும். அம்மா எதற்கும் மசியவில்லை. நாலாவதாக இருந்ததைக் காட்டிக் கேட்டபோதுதான் கடைக்காரர் அப்படிச் சொன்னார்.

"கோள்னா? யார்கிட்ட சொல்லும்?"

"கூட்டாளின்னு ஒருத்தர் நம்பரைக் கொடுக்கணும். நீங்க ஒரு நாள் படிக்காம விட்டா, மறுநாள் காலையில எட்டு மணிக்கு அவருக்கு மெசேஜ் போயிடும். 'இவங்க நேத்து வாசிக்கலை, என்னன்னு விசாரிங்க'ன்னு. பெரிய ரோதனை! போட்டவங்க எல்லாம் ஒரே மாசத்துல அழிச்சுட்டாங்க."

"அதையே போடுங்க தம்பி."

"எழுத்து பொடிசும்மா. கண்ணு வலிக்கும்."

"வலிக்கட்டும். ஒரே நாள்ல சொல்லிடும்ல? பதினோரு நாள் எல்லாம் ஆகாதே?"

"பதினோரு நாளா! அது என்னம்மா கணக்கு?" கடைக்காரர் சிரித்தார். "சரி, கூட்டாளி நம்பர் சொல்லுங்க."

அம்மா போனையே நீட்டினார். விரலால் ஒரு தள்ளு தள்ளியதும் பட்டியல் முடிந்துவிட்டது. கேஸ், மருந்துக்கடை, வீட்டு ஓனர், சர்ச் ஆபீஸ், கடைசியில் இந்தக் கடை. கடைக்காரருக்கு வாய்வரை வந்த கேலி அப்படியே நின்றுவிட்டது.

"சர்ச்சுல யாராச்சும்...?"

"கை குலுக்குவாங்க. என் பேரு யாருக்கும் தெரியாது. உங்க நம்பரையே போடுங்களேன்."

"நானா? எனக்கும் பைபிளுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாதும்மா!"

"மெசேஜ் வந்தா பார்ப்பீங்கல்ல? அது போதும்."

தட்ட மனசு வரவில்லை. போட்டார். அம்மா அதோடு விடவில்லை, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னார். சோதனைக்கென்று இருந்த பட்டனை அமுக்கியதும் கடைக்காரரின் போன் டிங் என்றது. "இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் டிங். அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மெசேஜ் வந்தா நான் என்ன பண்ணணும்? போன் போட்டுத் திட்டணுமா?"

"திட்ட வேணாம். நேர்ல வந்து பாருங்க."

"படிக்காததுக்கு நேர்ல வேற வரணுமா?"

அம்மா கைப்பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"எதிர் வீட்டு டீச்சர் செத்தது பதினோரு நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது தம்பி. அவங்க கதவை உடைச்சாங்க, நீங்க என் கதவை உடைக்க வேண்டாம்."