லிட்டருக்கு இரண்டு

பீப்... பீப்... பீப்...

இயந்திரம் போட்ட கூச்சலில், முக்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இத்தனை வாரத்தில் அது ஒரு நாளும் இப்படி அலறியதில்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் அவர் ஒரு பாட்டில் தண்ணீரோடு இந்த ஆய்வகத்துக்கு வருவார். உள்ளே இருக்கும் பெண் அதில் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வாள். வாசல் காவலாளி அவருக்கு 'பாட்டில் மாமா' என்று பட்டம் கட்டியிருந்தான். அவருக்கு அதில் வருத்தமில்லை. பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிடவாவது ஒரு ஆள் இருக்கிறானே.

அந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்திச் சத்தத்தை அடக்கினாள்.

"பதினாலு காட்டுது ஐயா. எப்பவும் ரெண்டுதானே வரும்? பத்தைத் தாண்டினா மிஷின் கத்தும்."

பெரியவர் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார்.

முதல் தடவை அவர் வந்தது நிஜமான சந்தேகத்தோடுதான். மனைவி போன பிறகு வீட்டுத் தண்ணீர்கூடக் கசந்தது. பரிசோதித்துப் பார்த்தவள், "ஒண்ணுமே இல்லை, சுத்தமான தண்ணி" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பூஜ்யத்தை எந்த அலகுக்கு மாற்றினாலும் பூஜ்யம்தான். அதில் பேச என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் இரண்டு வந்தது. லிட்டருக்கு இரண்டு மைக்ரோகிராம்.

"ஆபத்தில்லை" என்றாள் அவள். "அப்படின்னா எவ்வளவும்மா?" என்று அவர் பிடித்துக்கொண்டார்.

மில்லிகிராமில் சொன்னால்? புள்ளி பூஜ்யம் பூஜ்யம் இரண்டு. நானோகிராமில்? இரண்டாயிரம். பங்குக் கணக்கில்? நூறு கோடி பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு ஈயம்.

அவள் மேஜைமேல் விரலால் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டுக் காட்டினாள். நடுவில் மழையைப் பற்றிப் பேசினாள். பஸ் கூட்டத்தைத் திட்டினாள். ஒரு தடவை தன் அம்மாவின் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

பெரியவர் ஆயுள் முழுக்க மருந்துக் கடையில் மில்லிகிராமோடு மாரடித்தவர். கணக்கு அவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் போதும், சுத்தமாக மறந்துவிடும்.

இன்றைக்கு அவர் எதையும் கேட்கவில்லை. மனதுக்குள் தானே மாற்றிக்கொண்டார். நானோகிராமில் பதினாலாயிரம்.

"பத்துக்கு மேல வந்தா ஒரு ரூல் இருக்கு ஐயா. ஆள் உங்க வீட்டுக்கே வந்து, குழாய்ல நேரா தண்ணி பிடிச்சுப் பார்ப்பாங்க."

வீட்டுக்கு ஆள் வந்தால் குட்டு உடைந்துவிடும். அதோடு செவ்வாய்க்கிழமையும் போய்விடும்.

"ஆளெல்லாம் எதுக்கும்மா? நான் ஒருத்தன்தானே குடிக்கிறேன்."

"ஒருத்தர்னா ஈயம் பாவம் பார்த்து விட்டுடுமா?"

வழக்கமாக இதற்கு அவர் சிரித்திருப்பார்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். இரண்டு பஸ் மாறி வந்த பாட்டில். அதன் வெளிப்புறம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவருடைய நனைந்த சட்டைக் கையைப் பார்த்தாள். செருப்பையும் பார்த்தாள். ஆய்வக வராந்தாவில் நேற்று பிளம்பர் கொட்டிவிட்டுப் போன சிமெண்ட் தூள் அதில் அப்பியிருந்தது.

போனை எடுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினாள்.

வீட்டுக்கு ஆள் அனுப்பத்தான் சொல்கிறாள். சந்தேகமே இல்லை.

பெரியவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். குடையைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

வீட்டில் ரேடியோ இருக்கிறது. அது நாள் முழுக்கப் பேசும். ஆனால் ஒன்றைக் கேட்டால் பதில் சொல்லாது.

"கிளம்பறேம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"ஐயா, வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்க. புதுசா மாட்டின நம்ம வராந்தா குழாயத்தான் மூடச் சொன்னேன். அடுத்த வாரம் நேரா உள்ளே வந்து என் சிங்க்லயே பிடிச்சுக்கங்க, அதுல எப்பவும்போல ரெண்டு இருக்கும்."