கணக்கர் சுற்றிய ரோஜா

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாம் மாடி வீட்டிலிருந்து கணக்கர் பூனை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் எதையோ நெஞ்சோடு அணைத்திருந்தார். அந்த வீட்டில் அட்டை அக்கா தனியாகக் குடியிருப்பதையும், கணக்கரின் மனைவி கீழே முதல் மாடியில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்குத்தான் காது நீளாது?

"இனிமே கடைசி நேரத்துல வந்து நிக்காதீங்க தம்பி," அக்கா வாசலில் நின்று கிசுகிசுத்தார். "நேத்து காலைல சொல்லி இன்னைக்கு வேணும்னா, கை என்னத்துக்கு ஆகும்?"

"மெதுவாப் பேசுங்கக்கா! சுவருக்கும் காது இருக்கு."

விஷயம் நாம் நினைத்த அளவுக்குச் சுவையானதல்ல. சட்டைக்குள் இருந்தது வெறும் வாழ்த்து அட்டை. காகித நாடாவை ஊசியில் சுற்றிச் சுற்றி மடித்த ரோஜாக்கள், கத்திரிப்பூ நிறத்தில், மொத்தம் நாற்பது. மத்தியானமானால் அக்கா வீட்டில் கத்தரிக்கோல் சத்தம்தான். அங்கே செய்து, அங்கேயே விற்பனை.

வாங்குவதில் பாவமில்லை. ஏழு வருடமாகக் கல்யாண நாளுக்கு ஒன்று வாங்கி, அடியில் 'உனக்காக என் கையால் செய்தது' என்று எழுதி, கொஞ்சமும் கூசாமல் மனைவியிடம் நீட்டுகிறாரே, அதுதான் பாவம். எப்போது செய்தீர்கள் என்று கேட்டால், ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் என்பார்.

மனைவி அத்தனையையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். அவளுடைய தங்கை வரும்போதெல்லாம் அலமாரி முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விடுவாள். அது அவள் வீடு போய்ச் சேருவதற்குள் புயலாகி, அவள் புருஷன் தலையில் இறங்கும். இந்த வருடம் அந்தப் புருஷன் ஒரு முடிவோடு வந்திருந்தார்.

கணக்கர் உள்ளே நுழைந்தபோது மனைவி வலக்கையால் தடுமாறித் தடுமாறி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். வெட்டுவது, எழுதுவது எல்லாம் அவளுக்கு இடக்கைதான். அதில் நேற்று சாயங்காலத்திலிருந்து துணிக்கட்டு. போர்வையைப் பிழிந்தபோது பிசகிவிட்டதாம்.

கணக்கர் அட்டையை நீட்டினார். தங்கை வாயில் கை வைத்தாள்.

"கைன்னா அத்தான் கை! இவருக்கும்தான் ரெண்டு இருக்கு, ரிமோட்டைப் பிடிக்க!"

அவள் புருஷன் சிரிக்கவில்லை. பையைத் திறந்து காகித நாடா, ஊசி, பசை என்று ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார்.

"சகலை, உங்களால ஏழு வருஷமா என் வீட்ல எனக்கு மரியாதை இல்ல. எனக்கும் கத்துக்குடுங்க. ஒரே ஒரு பூ, இங்கயே, எங்க கண்ணு முன்னால."

"அதெல்லாம் நினைச்சா வராது சகலை. மூடு வரணும்."

"வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம். நாளைக்கும் லீவுதான்."

கணக்கர் நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சகலை சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கூடப்பிறந்தவள் எதிரில் மனைவியின் முகம் சுருங்குமே, அந்த அலமாரியை இனி அவள் எப்படித் திறப்பாள்? அதுதான் அவருக்குப் பயம்.

வேறு வழியில்லாமல் ஊசியை எடுத்தார். நாடா நழுவியது, பசை கட்டைவிரலில் ஒட்டியது, கட்டைவிரல் மேஜைவிரிப்பில் ஒட்டியது. ஒருவழியாகப் பிறந்த ரோஜா, நாலு பேர் மிதித்த பஸ் டிக்கெட் மாதிரி இருந்தது.

சகலை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அழகை விடுங்க. அட்டையில இருக்கிற நாப்பதும் இடப்பக்கமா சுத்துது. உங்க பூ வலப்பக்கமா சுத்துதே, அது எப்படி சகலை?"

கணக்கர் தரையைப் பார்த்தார். தரை விலகி வழிவிடவில்லை.

மனைவியின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"விடுங்க மாப்பிள்ளை," அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "பக்கத்துல ஆள் நின்னா இவருக்கு ஸ்கூட்டர் சாவியே திரும்பாது, பூவா சுத்தும்? டீயைக் குடிங்க, ஆறுது."

"அதானே! வந்த இடத்துல அத்தானுக்குப் பரீட்சை வைக்கிறாராம்," என்று தங்கை புருஷனின் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். வழக்கு அத்தோடு தள்ளுபடியானது.

மனைவி அந்தப் பஸ் டிக்கெட் ரோஜாவை எடுத்து, அலமாரியில் எல்லா அட்டைகளுக்கும் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கணக்கருக்கு மனசு தாங்கவில்லை. இன்றோடு உண்மையைச் சொல்லிவிடுவது என்று பின்னாலேயே போனார்.

"வந்து... அந்த அட்டை இருக்கே... அது..."

அவள் திரும்பவில்லை. இடக்கையில் அவிழ்ந்திருந்த கட்டின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அடுத்த வருஷமாவது அக்காகிட்ட ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க, ஒரே மத்தியானத்துல நாப்பது ரோஜா சுத்தினா என் கை என்னத்துக்கு ஆகும்?"