நழுவும் மூன்றாவது கியர்

ஜப்பான்காரன் ஆட்சியில், ஒரு ராணுவ லோரியின் மூன்றாவது கியர் ஓட்டத்தில் நழுவிக்கொண்டே இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து மெக்கானிக் சவரிமுத்து மூன்று தடவை கழற்றிப் பார்த்தும் கியர்பாக்ஸில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

"யார் தப்புன்னு கண்டுபிடி. அவன் தலையைச் சீவிடுறேன்," என்றார் லோரியின் ஜப்பானிய அதிகாரி.

சவரிமுத்து லோரியின் பின்புறம் ஏறி, முன்பக்கத்தை எட்டிப் பார்த்தபடி காஜாங் சாலையில் போனார்.

முதல் வளைவிலேயே விஷயம் புரிந்துவிட்டது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் மடியில் குறுக்கே கிடந்த நீண்ட வாள் சரிந்து, கியர் கம்பியை இடித்துத் தள்ளியது.

வண்டி நின்றதும் டிரைவர் அய்யாவு ஓடிவந்து கிசுகிசுத்தார். "எனக்கு முன்னாடியே தெரியும்ணே. நீங்களே சொல்லிடுங்களேன்."

அதிகாரி வாளோடு இறங்கினார். "யார் தப்பு?"

சவரிமுத்து வாளை ஒருமுறை பார்த்தார். "வெள்ளைக்காரன் தப்புதான், துவான். இந்த வண்டியைச் செஞ்சதே அவன்தானே!"

"அப்பவே நினைச்சேன்!" என்றார் அதிகாரி.